சிறையில் மனநல மருத்துவராக என்ன படிக்க வேண்டும்?

கேள்வி: தொடக்கக்கல்லூரியில் படிக்கும் என் மகள், சிறைக் கைதிகளுக்கு மனநல மருத்துவராக வேண்டும் என்கிறாள். உளவியல் படித்தால் போதுமா?
- வாசகி, ஈசூன்

பதில்: போதாதுங்க. உளவியலாளர் வேறு, மனநல மருத்துவர் வேறு. மருந்து எழுதிக் கொடுக்க மருத்துவப் பட்டம் கட்டாயம் வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் 5 ஆண்டு, அப்புறம் பயிற்சி மருத்துவராக 1 ஆண்டு, அதற்குமேல் மனநல மருத்துவச் சிறப்புப் பயிற்சி 5 ஆண்டு. ஆக, குறைந்தது 11 ஆண்டு. சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் பதிவும் வேண்டும். சிறைக்கென்று தனிப் பட்டம் கிடையாது, ஆனால் குற்றவியல் மனநலத்தில், அதாவது குற்ற வழக்குகளில் சிக்கியவர்களின் மனநலத்தைக் கவனிக்கும் துறையில், அனுபவம் அவசியம். அதற்கென ஒரு பிரிவே புவாங்கோக்கிலுள்ள மனநலக் கழக மருத்துவமனையில் இருக்கிறது.

படிப்பைவிடக் கடினம் வேலைதான். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் "தூக்கம் வரல டாக்டர்" என்று மட்டும் சொல்வார். அது போதைப்பொருளை விட்டதன் விளைவா, மனச்சோர்வா, இல்லை உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமா என்று பொறுமையாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழில் மனம்விட்டுப் பேச ஒரு மருத்துவர் கிடைத்தால் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆறுதல்! மகளைத் தடுக்காதீர்கள். இப்போதைக்கு வேதியியலை விடாமல் படிக்கச் சொல்லுங்கள், மருத்துவத்துக்கு அது இல்லாமல் முடியாது.