ரேடியோ அலை, மைக்ரோவேவ், எக்ஸ்ரே எல்லாம் ஒரே வகை அலை என்கிறார்களே, நிஜமாகவா? அப்படியென்றால் செல்போன் டவரும் எக்ஸ்ரே மாதிரி ஆபத்தா?

முதல் கேள்விக்கு ஆமாம். எல்லாமே மின்காந்த அலைதான். வெற்றிடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம், நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். வேறுபடுவது அலைநீளம்.

அல்சூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா ரேடியோ கேட்டுக்கொண்டேதான் வேலை செய்வார். பெங்களூரு வானொலியை 612 கிலோஹெர்ட்ஸில் வைத்தால், அலையின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 490 மீட்டர். எஃப்.எம். 101.3-க்குத் திருப்பினால் 3 மீட்டர்கூட இல்லை. பக்கத்திலேயே இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பில் 12 செ.மீ.

அந்த அடுப்பின் கதவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கண்ணாடிக்குள் பொடிப்பொடியாகத் துளை போட்ட தகடு இருக்கும். 12 செ.மீ. அலைக்கு அது சுவர் மாதிரி. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை; அது தாராளமாக வெளியே வருகிறது. அதனால்தான் மைக்ரோவேவ் வெளியே வராமலே உள்ளே சாம்பார் கிண்ணம் சுற்றுவது நமக்குத் தெரிகிறது. எனக்கு இந்தப் பாடம் நன்றாகப் புரிந்ததே அந்தக் கதவைப் பார்த்துத்தான்.

சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு இருப்பதை 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானி வைத்துக் கண்டுபிடித்தார். டிவி ரிமோட் அனுப்புவதும் அகச்சிவப்பைத்தான்; அதை செல்ஃபி கேமராவுக்குக் காட்டி அழுத்துங்கள், பெரும்பாலும் நுனியில் வெளிச்சம் மினுக்கும்.

சரி, டவர் விஷயம். எதிர்வீட்டு மாடியில் டவர் வந்ததும் அம்மா பயந்து ஜன்னலையே சாத்திவிட்டார். அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன். இந்த அலைகள் ஆற்றலைப் பொட்டலம் பொட்டலமாகத்தான் கொடுக்கும். அலைநீளம் குறையக் குறையப் பொட்டலம் பெரிதாகும். நம் உடம்பிலுள்ள மூலக்கூறை உடைக்கும் அளவை அது எட்டுவது புறஊதாவில். எக்ஸ்ரே, காமா கதிர் எல்லாம் அதற்கும் மேலே. டவர் அலையின் பொட்டலம் அதைவிட லட்சக்கணக்கான மடங்கு சிறியது, உடைக்க முடியாது. அதிகமானால் சூடேற்றும், கதிர்வீச்சு வரம்புகள் வைத்திருப்பது அதற்காகத்தான்.

உண்மையில் கவனிக்க வேண்டியது மத்தியான வெயிலை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று குளுகுளுவென்று இருந்தாலும் வெயிலில் வரும் புறஊதா குறைவதில்லை; உயரம் கூடினால் அது கூடத்தான் செய்யும்.

ஜன்னல் இப்போது திறந்திருக்கிறது. மொட்டைமாடியில் துணி காயப்போடப் போகும்போது அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்கிறார்.