போர்க்காலப் படங்களில் குழந்தைகளின் நட்பு ஏன் அவ்வளவு வலிக்கிறது?

வெள்ளந்தித்தனம் என்பது யாரை வெறுக்க வேண்டும் என்று இன்னும் கற்றுக்கொள்ளாத நிலை. புதிதாகக் குடிவந்த பிள்ளையிடம் நம் குழந்தை 'விளையாட வர்றியா?' என்றுதான் கேட்கும். 'நீங்க எந்த ஆளுங்க?' என்பது பெரியவர்கள் கேட்பது.

2008இல் வந்த 'த பாய் இன் த ஸ்ட்ரைப்ட் பஜாமாஸ்' படத்தில், யூதர்களை அடைத்துவைத்த நாஜி (ஹிட்லரின் ஆட்சி) முகாமின் அதிகாரியுடைய 8 வயது மகன் புரூனோ, முள்வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் யூதச் சிறுவன் ஷ்முயெலுடன் நண்பனாகிறான். வீட்டுக்கு வரும் ஆசிரியரோ யூத வெறுப்பைப் பாடமாகவே நடத்துகிறார். எனக்கு மறக்க முடியாதவள் புரூனோவின் அக்காதான். அவள் பொம்மைகள் நிலவறைக்குப் போகின்றன, அறைச் சுவரில் நாஜி சுவரொட்டிகள் ஏறுகின்றன. வெறுப்பு கற்றுக்கொடுத்து வருவது என்பது அங்கே கண்ணெதிரே தெரிகிறது.

பலர் இதை உண்மைக் கதை என்று நினைக்கிறார்கள். இது ஜான் பாய்னின் 2006 நாவலைத் தழுவிய கற்பனைக் கதை. நாஜிகள் நடத்திய நிஜக் கொலை முகாமான ஆஷ்விட்ஸில் யூதச் சிறுவர்களில் பெரும்பாலானோர் வந்திறங்கியதுமே கொல்லப்பட்டார்கள்.