கடுகு போன இடம் தெரிகிறது, பூசணிக்காய் போன இடம் தெரியவில்லை

கேள்வி: வீட்டில் நாங்கள் ஐந்து பேர். ஆறு மாதமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி செலவைக் குறைத்து வருகிறோம். அறையை விட்டு வெளியே வந்தால் விளக்கை அணைப்பது, போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பது, தள்ளுபடி வரும்போது மொத்தமாக வாங்கிப் போடுவது என்று எதையும் விடவில்லை. ஒரு நோட்டில் தினசரி செலவை எழுதியும் வைக்கிறேன். இரவில் படிக்கும்போது மேசை விளக்கோடு அறை விளக்கையும் சேர்த்துப் போடுகிறாள் என்று மகளோடு தினமும் சண்டை. இவ்வளவு செய்தும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. கிரெடிட் கார்டில் ஒரு பழைய பாக்கி உண்டு, குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவிடுகிறோம், அதில் பிரச்சினை இல்லை. வீட்டில் இன்னும் எதைக் குறைக்கலாம்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆறு மாதம் விடாமல் நோட்டு எழுதுவது சாதாரண விஷயம் இல்லை, என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இரண்டாவது வாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் உங்களிடம் ஒழுங்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நீங்கள் சிரமப்படும் இடத்தில் பணம் இல்லை, அதுதான் சிக்கல். கடுகு போன இடத்தை ஆராய்கிறோம், பூசணிக்காய் போன இடம் தெரியவில்லை என்பார்களே, அதுதான் உங்கள் வீட்டில் நடக்கிறது.

முதலில் விளக்கையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் வீட்டில் சண்டை அதைப் பற்றித்தானே. ஒரு யூனிட் மின்சாரம் என்றால் 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடுவது. 9 வாட் எல்இடி பல்பு அந்த ஒரு யூனிட்டில் 110 மணி நேரத்துக்கு மேல் எரியும். மகள் தினமும் மூன்று மணி நேரம் கூடுதலாக ஒரு விளக்கைப் போட்டால்கூட மாதம் முழுவதற்கும் ஒரு யூனிட் ஆகாது. சார்ஜர் இன்னும் குறைவு: இப்போது வரும் போன் சார்ஜர்கள் போன் இல்லாமல் சும்மா சொருகியிருக்கும்போது அரை வாட்டுக்கும் கீழேதான் எடுக்கும், மாதம் முழுக்க அப்படியே கிடந்தாலும் அரை யூனிட்டைத் தொடாது. பழைய குண்டு பல்பு இன்னும் எங்கேயாவது எரிந்துகொண்டிருந்தால் அது வேறு கதை, 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 8, 9 வாட் எல்இடி தந்துவிடும், அதை இன்றைக்கே மாற்றுங்கள்.

இப்போது மறுபக்கம் பாருங்கள். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ ஒரு யூனிட் வேண்டும். இது எந்தக் கம்பெனி ஹீட்டர் என்பதைப் பொறுத்தது இல்லை, தண்ணீரின் இயல்பே அப்படி. அதாவது ஒருவர் நன்றாகச் சூடாகக் குளித்துவிட்டு வரும் நேரத்தில், அந்த விளக்கு 110 மணி நேரம் எரிவதற்கான மின்சாரம் போய்விடுகிறது. ஐந்து பேர் குளிக்கும் வீடு. எதையாவது சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் வீட்டில் மின்சாரத்தைத் தின்னும், வெளிச்சமும் சத்தமும் கொஞ்சமாகத்தான் எடுக்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தீர்கள் என்றால் எங்கே கைவைப்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஷவர் இருந்தால் அதன் கீழே 10 லிட்டர் வாளியை வைத்து எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 40 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடுகிறது என்று அர்த்தம், அது அதிகம். தண்ணீரைக் குறைத்து விடும் ஷவர் தலை ஒன்று வாங்கி மாட்டினால் தண்ணீரும் மிச்சம், அதைச் சூடாக்கும் மின்சாரமும் மிச்சம். ஒருவர் பின் ஒருவராக அடுத்தடுத்துக் குளித்தால் சூடேறிய தண்ணீர் ஆறி வீணாகாது. சிறிய ஹீட்டர் என்றால் குளிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டு முடிந்ததும் நிறுத்துங்கள். ஆனால் நாள் முழுக்க வெந்நீரைத் தேக்கி வைக்கும் பெரிய தொட்டி இருந்தால் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதன் வெப்பத்தை 60 டிகிரிக்குக் கீழே இறக்கி வைக்க வேண்டாம். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும், நுரையீரலைப் பாதிக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

துணி துவைக்கும் இயந்திரத்திலும் இதே கணக்குத்தான். வெந்நீர் சுற்றில் போட்டால் மோட்டாரைவிட தண்ணீரைச் சூடாக்கத்தான் பெரும்பகுதி மின்சாரம் போகும், அன்றாடத் துணிக்குக் குளிர்ந்த நீரே போதும், இயந்திரம் நிறையும்வரை காத்திருந்து போடுங்கள். ஏசி இருந்தால் ஒரு டிகிரி ஏற்றி வைப்பதில் ஏறத்தாழ 6 சதவீதம் குறையும், மின்விசிறியைக் கூடவே ஓடவிட்டால் அந்த ஒரு டிகிரி உடம்புக்குத் தெரியாது. ஆள் இல்லாத அறையில் விசிறி ஓடிப் பயனில்லை, அது அறையைக் குளிர்விக்காது, மேலே காற்றுப் படுகிற ஆளுக்குத்தான் குளுமை. அடுப்பில் தண்ணீர் கொதி வந்த பிறகும் தீயைப் பெரிதாக வைத்திருந்தால் அது வேகமாக ஆவியாகுமே தவிர 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகாது, அதனால் கொதித்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். பிரஷர் குக்கரில் மட்டும் அழுத்தம் காரணமாக 120 டிகிரி வரை ஏறும், நேரமும் எரிவாயுவும் குறைவதற்கு அதுதான் காரணம்.

குளிர்சாதனப் பெட்டி ராத்திரி பகலாக ஓடும் சாதனம், அதனால் அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு காகிதத் துண்டைக் கதவில் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் சரி, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. கதவைச் சுற்றி நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள். சில நேரம் ரப்பரில் படிந்த பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே போதும், ரப்பர் மாற்றக்கூட வேண்டியதில்லை. உள்ளே 4 டிகிரியை ஒட்டி இருந்தால் சரி, உறைபெட்டியில் மைனஸ் 18. அதற்கு மேல் குளிர வைப்பது வீண்.

தண்ணீருக்கு வருகிறேன். குழாய் சொட்டினால் ஒரு கிண்ணத்தைக் கீழே வைத்து ஒரு மணி நேரம் சேர்ந்ததை அளந்து 24 ஆல் பெருக்குங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 20 லிட்டரை ஒட்டி வரும். அதுவாவது கண்ணுக்குத் தெரிகிறது, சரி பண்ணிவிடுவோம். கண்ணுக்குத் தெரியாத ஒழுகல்தான் மோசம். எங்கள் வீட்டில் தண்ணீர்க் கட்டணம் மூன்று மாதம் தொடர்ந்து ஏறியது, மீட்டரில்தான் கோளாறு என்று நினைத்து அலைந்தேன், கடைசியில் பார்த்தால் கழிப்பறைத் தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி இறுகிப் போய்ச் சரியாக உட்காராமல், சத்தமே இல்லாமல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தொட்டிக்குள் கொஞ்சம் நிறப்பொடியைக் கலந்துவிட்டு, தண்ணீர் திறக்காமல் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழே கிண்ணியில் நிறம் தெரிந்தால் ஒழுகுகிறது. மாற்றுவது சின்ன வேலைதான்.

அப்புறம் உணவு. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில். கடைகளிலும் உணவகங்களிலும் வீணாவதைவிட நம் அடுக்களைகளில் வீணாவது அதிகம். தள்ளுபடிக்கு மொத்தமாக வாங்குகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கணக்கு பாருங்கள்: மூன்று வாங்கினால் கால் பங்கு தள்ளுபடி. மூன்றையும் வாங்குகிறீர்கள், கையிலிருந்து போவது இரண்டேகால் பங்கு விலை. அதில் ஒன்று கெட்டுப்போய்க் குப்பைக்குப் போகிறது. இரண்டு பொருளைச் சாப்பிட இரண்டேகால் விலை கொடுத்திருக்கிறீர்கள், தள்ளுபடியே இல்லாமல் இரண்டு மட்டும் வாங்கியிருந்தால் லாபம். சோப்பு, தூள், காகிதம் போன்ற கெடாத பொருளை மொத்தமாக வாங்கலாம், அதிலும் பெரிய பாக்கெட் மலிவாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாமல் விலையை எடையால் வகுத்துப் பார்த்துவிட்டு.

உங்கள் நோட்டில் வாங்கியதை எல்லாம் எழுதுகிறீர்கள், எறிந்ததை எழுதுவதில்லை. இரண்டு வாரம் மட்டும் கடைசிப் பக்கத்தில் எறிந்தவற்றை எழுதுங்கள்: என்ன பொருள், எவ்வளவு, ஏன். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், மாமியாரோ பிள்ளைகளோ யார் எறிந்தாலும் சும்மா எழுதுங்கள். பெரும்பாலும் திரும்பத் திரும்ப நாலைந்து பொருள்தான் அந்தப் பக்கத்தில் வரும். அவற்றைப் பாதி அளவு வாங்கினால் போதும், வேறு எதையும் குறைக்க வேண்டாம். சீக்கிரம் கெடுவதைக் குளிர்பெட்டியில் கண் மட்டத்தில் முன்னால் வையுங்கள், அடியில் போனது மறந்துபோகும்.

வங்கிக் கணக்கு விவரத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கும் எடுத்துப் பாருங்கள், ஒரு மாதம் மட்டும் பார்த்தால் ஆண்டுக்கு ஒருமுறை தானாகப் பிடிக்கும் சந்தாக்கள் கண்ணில் படாது.

இனி நீங்கள் போகிற போக்கில் சொன்ன விஷயம். கார்டு பாக்கி. அதில் பிரச்சினை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு மொத்தக் கடிதத்திலும் பெரிய பிரச்சினையாகப் பட்டது அந்த ஒரு வரிதான். உங்கள் கார்டின் வட்டி வீதம் மாதப் பட்டியலில் அச்சாகியிருக்கும், எடுத்துப் பாருங்கள். மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கேட்பதற்குச் சின்னதாக இருக்கும், வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்றால், நீங்கள் கட்டும் ஐந்து பங்கில் மூன்று பங்கு வட்டிக்கே போய்விடும், கடன் குறைவது இரண்டு பங்குதான். பாக்கி குறையக் குறைய கட்டும் தொகையும் குறைவதால் இது வருடக்கணக்கில் இழுக்கும். போதாததற்கு, பெரும்பாலான கார்டுகளில் பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். நீங்கள் தள்ளுபடிக்கு வாங்குவதை அந்தக் கார்டில் வாங்கிக்கொண்டிருந்தால் தள்ளுபடியை வட்டி தின்றுவிடுகிறது.

அதனால் நான் சொல்லும் வரிசை இதுதான். இன்றைக்கே அந்தக் கார்டைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வையுங்கள். மேலே சொன்னவற்றில் மிச்சமாகும் பணம் கணக்கில் கிடந்தால் எதற்காவது போய்விடும், எல்லார் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. மின்கட்டணம் போன மாதத்தைவிட எவ்வளவு குறைந்ததோ அந்தத் தொகையை அன்றைக்கே கார்டுக்குக் கட்டுங்கள். எறிந்தவை பட்டியலால் கடைச் செலவு எவ்வளவு குறைந்ததோ அதையும் அப்படியே. இன்றைய குறைந்தபட்சத் தொகை எவ்வளவோ, கார்டின் மாதப் பட்டியலில் அது இறங்கினாலும் நீங்கள் இறக்காமல் அதே தொகையைக் கட்டிக்கொண்டு வாருங்கள், அதற்கு மேல் மிச்சப் பணத்தையும் சேருங்கள். சேமிப்புக் கணக்கில் கொஞ்சம் பணம் இருந்தால், திடீர் மருத்துவச் செலவுக்கு வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கார்டுக்குக் கட்டலாம், எந்தச் சேமிப்பும் 42 சதவீத வட்டி தராது. குறைந்த வட்டியில் தனிநபர் கடன் கிடைத்தால் அதை வாங்கி இதை அடைப்பதும் சரியான வழிதான், அடைத்த பிறகு கார்டில் மறுபடி பாக்கி ஏறாது என்றால் மட்டும்.

நோட்டில் இனி ஒவ்வொரு மாதமும் முதல் பக்கத்தில் இரண்டு எண்களை எழுதுங்கள்: கார்டில் மீதி எவ்வளவு, அந்த மாதம் வட்டியாகப் போனது எவ்வளவு. மூன்று மாதம் கழித்து அந்த ஆறு எண்களையும் எனக்கு அனுப்புங்கள், அதை வைத்து எந்த மாதம் கடன் முடியும் என்று சேர்ந்து கணக்குப் போடுவோம். மகள் படிக்கும்போது இரண்டு விளக்கும் எரியட்டும், மாதம் ஒரு யூனிட்கூட இல்லை, அவளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.