வேலி மேய்ந்தது சரி, வரப்பில் நின்றவர்கள்?

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனத்தில் 11 ஆண்டுகள் பொருளாளராக இருந்தவர் பணத்தைக் கையாடியது சென்ற மாதம் தெரியவந்தது. ஆண்டுதோறும் ஆடிட் நடந்தும் எதுவும் வெளிவரவில்லை. தவணையில் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுக்க அவர் தயார். வெளியே தெரிந்தால் நன்கொடை நின்றுவிடும், ஓசைப்படாமல் முடித்துக்கொள்வோம் என்கிறது நிர்வாகக் குழுவில் பாதி. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. எப்படி மீள்வது?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய செயலாளர்

பதில்: வேலி மேய்ந்தது சரி. 11 ஆண்டுகள் வரப்பில் நின்ற குழு என்ன பார்த்துக்கொண்டிருந்தது? வங்கி ஸ்டேட்மென்ட் முதலில் யார் கைக்கு வந்தது? இரண்டு பேர் கையெழுத்து வேண்டிய செக் புத்தகத்தில் எத்தனை தாள்களில் நீங்களே முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள்? அவர் கடைசியாக எப்போது இரண்டு வாரம் தொடர்ந்து விடுப்பில் போனார்? இந்த மூன்று பதில்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் ஓசைப்படாமல் முடிக்கும் யோசனை. அதை இன்றே கைவிடுங்கள். "பணத்தைத் தந்துவிடு, புகார் கொடுக்கமாட்டோம்" என்று எழுதி வாங்குவது பல நாடுகளில் தனிக் குற்றம். எடுத்தவரோடு நீங்களும் நிற்க வேண்டிவரும். ஊழியர் மோசடிக்கு இன்ஷூரன்ஸ் பாலிசி இருந்தால் அதுவும் கெடும். மோசடி தெரிந்தபின் குறித்த நாட்களுக்குள் தகவல் தர வேண்டும் என்பது அதில் பொது நிபந்தனை. இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கேட்காமல் நீங்கள் செய்துகொள்ளும் சமரசம், அவரிடமிருந்து வசூலிக்கும் அவர்களுடைய உரிமையைப் பறிக்கும். அதைச் சொல்லியே இழப்பீட்டை மறுப்பார்கள். தெரிந்த பிறகும் அவரை அதே நாற்காலியில் வைத்திருந்தால், அன்றிலிருந்து போகும் பணத்துக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பாதுகாப்பு கிடையாது. பாலிசியை இன்று எடுத்துப் படியுங்கள், நாளை அல்ல.

சென்ற மாதமே தெரிந்தது என்கிறீர்கள். ஓடிபி இன்னும் எந்த கைபேசிக்குப் போகிறது? கையெழுத்து அதிகாரத்தை ரத்து செய்துவிட்டு, வங்கியில் பதிவான அந்த எண்ணை மாற்ற மறந்துவிடுபவர்கள் பலர். கணக்கு மென்பொருளின் அட்மின் கடவுச்சொல், நன்கொடை வாங்கும் க்யூஆர் கோடு எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது, இணையதளம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, டிஜிட்டல் கையெழுத்து யாரிடம் இருக்கிறது - எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். அவருடைய லேப்டாப்பைத் "திறந்து பார்க்கலாமே" என்று யாரும் தொட வேண்டாம். திறந்த நொடியிலேயே கோப்புகளின் தேதிக் குறிப்புகள் மாறத் தொடங்கும், சாட்சியம் பலவீனமாகும். உறையிலிட்டு, யார் எப்போது வாங்கி வைத்தார் என்று எழுதி, இரண்டு பேர் கையெழுத்திட்டுப் பூட்டுங்கள்.

அடுத்தது கணக்கு. உங்கள் கோப்பில் இருக்கும் ஸ்டேட்மென்ட்டை நம்பாதீர்கள். அது அவர் அச்சிட்டது. பிடிஎஃப்பில் ஒரு வரியை மாற்ற ஐந்து நிமிடம் போதும். வங்கிக்கு எழுதி, எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட்டையும் நேரடியாக வாங்குங்கள். நிறுவனத்தின் பெயரில் என்னென்ன கணக்குகள் இருக்கின்றன என்றும் கேளுங்கள். நீங்கள் கேள்விப்படாத ஒன்று இருக்கலாம். ஃபிக்சட் டெபாசிட் ரசீதுகள் பத்திரமாக இருக்கின்றன என்று நிம்மதி வேண்டாம். இருப்பது ஜெராக்ஸாக இருக்கும், அல்லது டெபாசிட்டின் மேல் கடன் வாங்கியிருக்கும். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியும் சேமநிதியும் உரிய இடத்தில் கட்டப்பட்டனவா என்றும் பாருங்கள். கையில் பணம் குறையும்போது முதலில் கட்டாமல் விடுவது அவற்றைத்தான், அபராதம் வருவதோ உங்கள் பெயருக்கு.

ஆடிட்டில் ஏன் தெரியவில்லை என்கிறீர்களே, ஓர் உதாரணம். ஒரு நாளைய ரசீதுகள்: ரொக்கம் 8,000, செக் 10,000, மொத்தம் 18,000. வங்கியில் அன்று வரவும் 18,000. டிக் அடித்துவிட்டுப் போகலாம். ஆனால் பணம் கட்டிய சலானை எடுத்துப் பாருங்கள். ரொக்கம் பூஜ்யம், செக்குகள் இரண்டு, 10,000 ஒன்று, 8,000 ஒன்று. தபாலில் வந்த அந்த 8,000 செக்குக்கு ரசீதே போடவில்லை. அது ரொக்கத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது, ரொக்கம் அவர் பையில். கூட்டுத்தொகையில் ஒரு பைசா வித்தியாசம் வராது. தொகையைப் பார்ப்பவருக்கு இது தெரியாது, சலானில் ரொக்கம், செக் பிரிவினையைப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். 8,000 கொடுத்தவர் "எனக்கு ரசீது வரவில்லை" என்று எப்போதாவது போன் செய்திருப்பார். அந்த போனை எடுத்தவரும் அவராகவே இருந்திருப்பார்.

இன்னொரு வழி, இன்றைய நன்கொடையை எடுத்துக்கொண்டு அடுத்த வார நன்கொடையால் இதை அடைப்பது. ரசீதுத் தேதிக்கும் வங்கி வரவுத் தேதிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: முதலில் 2 நாள், பிறகு 9, பிறகு 23. ஓட்டை பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் நீளும். உங்கள் கணக்கையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடும் சரிக்கட்டும் பட்டியலில் மாதாமாதம் "கட்டியது, இன்னும் வரவாகவில்லை" என்று ஒரு தொகை தொடர்ந்து வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். செலவுப் பக்கத்தில் பில் எண்களைப் பாருங்கள். ஆறு மாதத்தில் ஒரு கடையிலிருந்து வந்த பில்கள் 101, 102, 103 என்று வரிசையாக இருந்தால், அந்தக் கடைக்கு உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் வாடிக்கையாளர். 50,000க்கு மேல்தான் இரண்டாவது கையெழுத்து என்பது விதியானால் 49,500க்கான வவுச்சர்களை எண்ணுங்கள்.

இதையெல்லாம் பழைய ஆடிட்டரிடமே கொடுக்காதீர்கள். அவர் தன் வேலையைத் தானே மதிப்பிடுவதாகிவிடும். ஆண்டு ஆடிட் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்ப்பது. மோசடியைத் தோண்டுவது வேறு தொழில், வேறு கட்டணம். 11 ஆண்டுகளையும் ஒரேயடியாகத் தோண்டச் சொன்னால் போன பணத்துக்கு இணையாக இன்னொரு தொகை போகும். ஒரு வங்கிக் கணக்கு, ஒரு முழு ஆண்டு என்று தொடங்குங்கள். எந்த வழியில் எடுத்தார் என்று பிடிபட்டபின் அந்த வழியை மட்டும் பின்னோக்கித் துரத்துங்கள். மோசடி ஆய்வாளரை வழக்கறிஞர் மூலமாக நியமித்தால், கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தால், பின்னால் தலைவலி குறையும்.

வெளியே சொல்வது பற்றி. 1992இல் அமெரிக்காவின் யுனைடெட் வே தொண்டு அமைப்பில் தலைவர் வில்லியம் அரமோனியின் ஆடம்பரச் செலவுகளைப் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. அவர் பதவி விலகினார்; ஊர்க் கிளைகள் பல, தலைமைக்கு அனுப்பும் பங்கை நிறுத்திவைத்தன. 1995இல் அவருக்கு ஏழாண்டுச் சிறை. அதே 1995இல் அந்நாட்டு எபிஸ்கோபல் திருச்சபையில் பொருளாளர் எலன் குக் 22 லட்சம் டாலர் கையாடியதைத் திருச்சபையே தொகையோடு அறிவித்தது. அங்கேயும் வலி இருந்தது, ஆனால் செய்தியைச் சொன்ன வாய் அவர்களுடையது. உங்கள் குழு தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த இரண்டில் ஒன்றைத்தான். மூன்றாவதாக "யாருக்கும் தெரியாது" என்று ஒன்று இல்லை. அவர் வீட்டுக்கும் வங்கிக்கும் உங்கள் ஊழியர்களுக்கும் ஏற்கெனவே தெரியும்.

வரிசை முக்கியம். முதலில் ஊழியர்கள், பிறகு பெரிய நன்கொடையாளர்கள், பிறகே மற்றவர்கள். பெரிய நன்கொடையாளர்களுக்குக் கடிதம் போகும் நாளில் முன்னதாகத் தொலைபேசியில் பேசுங்கள். மானிய ஒப்பந்தங்களில் இத்தனை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருந்தால் அதுதான் உங்கள் கெடு. கடிதத்தில் நான்கே விஷயம்: என்ன தெரியும், என்ன இன்னும் தெரியாது, என்ன செய்திருக்கிறோம், அடுத்து எந்தத் தேதியில் எழுதுவோம். "ஆழ்ந்த அதிர்ச்சி" வேண்டாம். தொகையைச் சொன்னால் "குறைந்தபட்சம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். முதல் கணக்கு ஏறுமே தவிர இறங்குவது அபூர்வம். ஏறும் ஒவ்வொரு முறையும் நீங்கள் பொய் சொன்னதாகவே படும். வழக்கு பதிவாகும்வரை அவர் பெயரை எழுதாதீர்கள்.

நன்கொடையாளர் கேட்கும் கேள்வி "எவ்வளவு போனது" அல்ல, "நான் படிப்புக்கென்று கொடுத்தது இருக்கிறதா?" ஆகவே இழப்பை நிதிவாரியாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்காக வந்த பணம் போயிருந்தால் பொது நிதியிலிருந்து எத்தனை மாதங்களில் ஈடு செய்வீர்கள் என்று குழு தீர்மானம் போட வேண்டும். அதற்காக வேறொரு திட்டப் பணத்தை எடுத்து அடைத்தால், மேலே சொன்ன அதே இடைவெளி வித்தைதான், இம்முறை தீர்மானத்தோடு.

ஏ.சி.எஃப்.இ. என்னும் மோசடி ஆய்வாளர்கள் சங்கம் 2024இல் வெளியிட்ட அறிக்கைக்காக உலகெங்கும் நடந்த 1,921 வழக்குகளை ஆராய்ந்தது. பிடிபட்டவற்றில் 43 சதவீதம் யாரோ ஒருவர் சொன்னதால், வெளி ஆடிட்டால் 3 சதவீதம். உங்கள் அலுவலகத்திலும் யாரோ ஒருவர் முன்பே சொல்லியிருப்பார், நீங்கள் "அவர் அப்படிப்பட்டவரா?" என்று வாயடைத்திருப்பீர்கள். அவரைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேளுங்கள், மற்ற ஊழியர்கள் முன்னிலையில்.

மூன்று பேர் மட்டுமே உள்ள அலுவலகத்தில் வேலையை எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். செலவை அனுமதிப்பவர், பணம் கொடுப்பவர், கணக்கு எழுதுபவர் - மூன்றும் ஒருவராக இருக்கக் கூடாது, அவ்வளவே. கடையின் வங்கி எண் மாறியதாகக் கடிதம் வந்தால், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல, உங்களிடம் பழையதாக இருக்கும் எண்ணுக்குப் பேசி உறுதி செய்யுங்கள். ஓடிபியைச் சொல்லிக் கொடுப்பது இன்றைய வெற்றுச் செக். அதையும் தீர்மானத்தில் எழுதித் தடை செய்யுங்கள். அடுத்த பொருளாளர் ஆண்டுக்கு 10 வேலை நாட்கள் தொடர்ந்து விடுப்பில் போக வேண்டும், அந்த நாட்களில் அவர் வேலையை இன்னொருவர் செய்ய வேண்டும். "எனக்கு லீவே வேண்டாம்" என்பவரைப் பாராட்டுவதை நிறுத்துங்கள்.

பார்க்க மட்டும் அனுமதியுள்ள வங்கி லாகின் ஒன்றைக் குழுவில் ஒருவர் பெயரில் வாங்கி, மாதத்தின் முதல் வாரத்தில் அவர் அரை மணி நேரம் ஸ்டேட்மென்ட்டையும் சலான்களையும் பார்க்க வேண்டும். யார் அவர் என்று எழுதாமல் அடுத்த கூட்டத்தை முடிக்காதீர்கள். பொருளாளர் பெயர் கூடாது. தலைவர் "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றால் அந்தப் பெயரும் கூடாது. செக்கில் இரண்டாவது கையெழுத்துப் போடுபவர் பெரும்பாலும் அவர்தான்.