மான்டி கிறிஸ்டோ: மூன்று படங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'மான்டி கிறிஸ்டோ' நாவலை வைத்து எடுத்த 2002 ஆங்கிலப் படத்தையும் 2024 பிரெஞ்சுப் படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ஆங்கிலப் படம் விறுவிறுப்பாகத்தான் போனது. ஆனால் நாயகன் சிறையிலிருந்து தப்பிய பிறகு ஏதோ குறைவதுபோல் இருந்தது. நாவலை இன்னும் படிக்கவில்லை. எது மூலத்துக்கு நெருக்கமானது? 1934 படத்தையும் தேடிப் பார்க்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் உணர்ந்த குறை சரியானது. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமாவின் இந்த நாவலில் 117 அத்தியாயங்கள். நாயகன் தாந்தெஸ் 20ஆம் அத்தியாயத்திலேயே தப்பிவிடுகிறான். மீதி ஏறக்குறைய நூறு அத்தியாயங்கள் பழிவாங்கலுக்கும் அதன் விளைவுகளுக்கும்தான். 2002 படம் 131 நிமிடம். சிறைக்கும் தப்பித்தலுக்கும் தாராளமாக நேரம் கொடுத்துவிட்டு, தாந்தெஸைச் சிறைக்கு அனுப்பிய டாங்லார், ஃபெர்னான், வில்ஃபோர் என்ற மூன்று எதிரிகளையும் கடைசியில் அவசரமாகத் தீர்த்துக்கட்டுகிறது.

நாவலில் தாந்தெஸின் ஆயுதம் வாள் அல்ல. டாங்லார் வங்கி முதலாளி என்பதால் அவரைச் செய்தியால் அடிக்கிறான். அக்காலத் தந்தி, கோபுரத்தின் மேல் மரக்கைகளை அசைத்துச் சைகை காட்டும் முறை. மோன்லேரி கோபுரத்து ஊழியருக்குத் தோட்டத்தின் மேல்தான் உயிர். அவருக்கு 25,000 ஃபிராங்க் கொடுத்து, ஸ்பெயின் பற்றி ஒரு பொய்ச் சைகையை அனுப்பவைக்கிறான். டாங்லார் பதறிப்போய் ஸ்பெயின் கடன்பத்திரங்களை விற்று நஷ்டப்படுகிறார். ஒவ்வொருவரும் எதனால் உயர்ந்தாரோ அதனாலேயே விழுகிறார். ஃபெர்னான் யானினாவின் ஆட்சியாளர் அலி பாஷாவைக் காட்டிக்கொடுத்துப் பதவி பெற்றவர். பாஷாவின் மகள் ஹைடி பிரபுக்கள் சபையில் சாட்சி சொல்லி அவரை வீழ்த்துகிறாள். 2002இல் ஹைடியே கிடையாது, வாள்சண்டைதான் இருக்கிறது. தப்பிக்கும்போதுகூடச் சிறையதிகாரியையும் இழுத்துக்கொண்டு கடலில் விழுகிறான் தாந்தெஸ். நாவலில் இறந்த சகக்கைதியின் பிணச்சாக்குக்குள் ஒளிந்து, காலில் கட்டிய 36 பவுண்டு பீரங்கிக் குண்டோடு தனியாகத்தான் விழுகிறான். அந்த இடத்தில் யாரையும் பழிவாங்குவதில்லை.

எனக்குப் பொறுக்காதது வேறொரு மாற்றம். 2002இல், தாந்தெஸின் பழைய காதலியும் ஃபெர்னானின் மனைவியுமான மெர்செடெஸின் மகன் ஆல்பர்ட், தாந்தெஸுக்கே பிறந்தவனாகிவிடுகிறான். நாவலில் அவன் எதிரியின் மகன். அவனைக் கொல்ல வேண்டாமென்று மெர்செடெஸ் கெஞ்சும்போது, தாந்தெஸ் தானே சாகத் துணிகிறான். சொந்த மகனை விட்டுவிடுவதில் என்ன பெருந்தன்மை இருக்கிறது?

1934 படத்தை அவசியம் பாருங்கள். ராபர்ட் டோனட் நடித்தது, 113 நிமிடம்தான். மெர்செடெஸும் தாந்தெஸும் சேர்வதாக முடித்துவிட்டார்கள். அது நாவலில் இல்லாதது. ஆனால் ஹைடியின் சாட்சியம் இருக்கிறது. டாங்லார் பணத்தாசையால்தான் அழிகிறார். நேரம் குறைவாக இருந்தும் பழியின் தர்க்கத்தைக் கைவிடாத படம்.

2024 படம் 178 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. அதிலும் வெட்டும் ஒட்டும் நிறைய. டாங்லார் கப்பல் தலைவனாகிறார், வில்ஃபோருக்கு ஆஞ்செல் என்றொரு தங்கை முளைக்கிறாள். ஆனால் ஹைடியையும் வில்ஃபோரின் முறைதவறிப் பிறந்த மகன் ஆந்த்ரேயையும் பழிக்கான கருவிகளாகவே வளர்க்கும் தாந்தெஸைக் கூச்சமில்லாமல் காட்டுகிறது. ஹைடி ஆல்பர்ட்டோடு போய்விட, அவன் தனியாகக் கப்பலேறுகிறான். நாவலில் ஹைடி அவனோடுதான் போகிறாள். சம்பவங்களை மட்டும் பார்த்தால் இது மூலத்துக்குத் தூரம்தான். பழிவாங்குபவனுக்கு நேரும் சேதத்தைப் பொறுத்தவரை மூன்றில் இதுவே நெருக்கம்.

அந்தச் சேதம் நாவலில் எங்கே தொடங்குகிறது என்று தெரிய 111ஆம் அத்தியாயத்துக்கு வர வேண்டும். வில்ஃபோரின் சிறுவன் எட்வர்ட் பெற்ற தாயாலேயே விஷம் வைக்கப்பட்டுக் கிடக்கிறான். பழிக்கு எல்லை தாண்டிவிட்டேனோ என்று தாந்தெஸ் முதன்முறையாக நடுங்குகிறான். 113இல், தன் பக்கம் நியாயம் இருந்ததா என்று தேடி தான் அடைபட்டிருந்த ஷத்தோ திஃப் சிறைக்கே திரும்பிப் போகிறான். வழிகாட்டும் காவலாளி அவனை யாரென்று அறியாமல் அவனுடைய கதையையே அவனுக்குச் சொல்கிறான். தன்னிடமிருக்கும், தாந்தெஸின் அந்தச் சகக்கைதி ஃபாரியா பாதிரியாரின் கையெழுத்துப் பிரதியையும் கொடுக்கிறான். நீங்கள் கேட்ட மூன்று படங்களிலும் இந்தக் காட்சி இல்லை. சுருக்கப் பதிப்பு வாங்கிவிடாதீர்கள்.