வெப்ப இயக்கவியலை முடித்த பிறகுதான் புள்ளியியல் இயக்கவியலுக்குப் போக வேண்டுமா?

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு, என்ட்ரோபி பிடிபடவே இல்லை, எதை முதலில் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வெப்ப இயக்கவியல் வெப்பத்தை வெளியிலிருந்து அளப்பது, புள்ளியியல் இயக்கவியல் அணுக்களுக்குள் ஆற்றல் பங்கிடப்படும் வகைகளை எண்ணுவது; இரண்டையும் கூடவே கூடவே படியுங்கள் என்பேன்.

எங்கள் வகுப்பில் என்ட்ரோபி என்றால் 'ஒழுங்கின்மை' என்று ஒரே வரி. எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் சூத்திரப்படி என்ட்ரோபி மாற்றம் என்பது வெப்பத்தை வெப்பநிலையால் வகுப்பது; அப்படி வகுத்தால் ஒழுங்கின்மை எப்படி வரும்? அது மட்டும் விளங்கவில்லை. ஒரு விடுமுறையில் பாட்டியின் பல்லாங்குழிப் பலகையை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தபோதுதான் தெளிந்தது.

பக்கத்துக்கு மூன்று குழி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குழி ஒவ்வொன்றும் ஓர் அணு, புளியங்கொட்டை ஒவ்வொன்றும் ஒரு துளி ஆற்றல். மொத்தம் நான்கு கொட்டை. நான்கையும் இந்தப் பக்கக் குழிகளிலேயே போட 15 வகை உண்டு. மூன்று இங்கே, ஒன்று எதிரே என்றால் 10 × 3 = 30 வகை. இரண்டிரண்டு என்றால் 6 × 6 = 36. எல்லா வகைக்கும் சம வாய்ப்பு என்பது ஒன்றுதான் இங்கே அனுமானம். நிறைந்த பக்கத்திலிருந்து ஒரே ஒரு கொட்டை காலிப் பக்கம் போனதும் 15 என்பது 30 ஆகிவிட்டது, பார்த்தீர்களா? சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கு வெப்பம் பாய்வது இப்படித்தான். கொட்டையை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அப்படிப் போனால் மொத்த வகைகள் அதிகம், அவ்வளவுதான்.

இதைச் சூத்திரம் இல்லாமல் கையாலேயே எழுதிப் பாருங்கள். பிறகு முழுப் பலகைக்குப் போங்கள்: பக்கத்துக்கு 7 குழி, 14 கொட்டை. எல்லாம் ஒரே பக்கம் என்றால் 38,760 வகை. ஏழேழு என்றால் 29,44,656. சின்னப் பலகையில் 2.4 மடங்காக இருந்த வித்தியாசம் இங்கே 76 மடங்கு.

இரு பக்க வகைகளும் பெருக்கலில் வருகின்றன, என்ட்ரோபியோ கூட்டலில் வரும். அதனால்தான் பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் மடக்கை. வியன்னாவில் இயற்பியலாளர் போல்ட்ஸ்மனின் கல்லறையில் பொறித்திருக்கும் S = k log W என்ற சமன்பாடு இதுதான்: S என்ட்ரோபி, W வகைகளின் எண்ணிக்கை, k போல்ட்ஸ்மன் மாறிலி.

வெப்ப இயக்கவியலில் நிறையப் பேர் சறுக்குவது, மற்றவற்றை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பகுதி வகைக்கெழுவில். அழுத்தமா, பருமனா, என்ட்ரோபியா, எது மாறாமல் இருக்கிறது என்று ஒவ்வொரு வரியிலும் குறித்துக்கொள்ளுங்கள். வேதியியல் புத்தகத்தில் வேலையின் குறி (+/−) மாறியிருக்கும், அதையும் கவனியுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு, இதை அவசியம் போட்டுப் பாருங்கள். 1 கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும். 273 கெல்வினால் வகுத்தால் 1.22. இயற்பியலாளர் கிளாசியஸ் 1865-இல் என்ட்ரோபி என்று பெயரிட்டது இதற்குத்தான். அதைப் போல்ட்ஸ்மன் மாறிலியான 1.38 × 10⁻²³ ஆல் வகுத்து, அந்த ஒரு கிராமில் உள்ள 3.34 × 10²² மூலக்கூறுகளுக்குப் பங்கிடுங்கள். தலைக்கு 2.65 வரும். இது இயல் மடக்கை. மடக்கையை நீக்கினால், அதாவது e-இன் அடுக்காக 2.65-ஐப் போட்டால், சுமார் 14. உருகும்போது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் வகைகள் ஏறக்குறைய 14 மடங்கு பெருகுகின்றன. அடுப்பும் வெப்பமானியும் தந்த எண்ணிலிருந்து பல்லாங்குழிக் கணக்குக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள்.