ஓமானில் மஸ்கட்டைத் தாண்டினால் மொட்டை மலைதானே? இரண்டு நாள் ஒதுக்கிப் போக என்ன இருக்கிறது?

நீங்கள் மஸ்கட்டில் ரூவி பக்கம் கம்பெனி ரூமில் இருப்பவர் என்று நினைக்கிறேன். வெள்ளி, சனி லீவு. மத்ரா கடைவீதியை நாலு தடவை சுற்றியாகிவிட்டது. நானும் மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் "மொட்டை மலை" என்ற சொல்லைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் நிஸ்வா நகரில் ஏசி மெக்கானிக். அங்கிருந்து அல் ஹம்ரா வண்டியில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கீழே பேரீச்சந்தோப்பு, அதை ஒட்டி மாடி மாடியாக மண்வீடுகள் நிற்கும் பழைய ஊர். மேலே சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் ஜபல் ஷம்ஸ் மலை. இரண்டுக்கும் இடையே, பெரும்பாறைகளின் மேல் கல்வீடுகளை ஏற்றிக் கட்டிய மிஸ்ஃபாத் அல் அப்ரியீன் என்ற ஊர்.

ஒரு வீட்டு ஏசியைப் பார்க்கத்தான் அந்த ஊருக்கு முதலில் போனேன். வேலை முடிந்து சந்து வழியே இறங்கினால் காலடியில் தண்ணீர் ஓடுகிறது. மலையூற்றிலிருந்து வரும் ஃபலஜ் வாய்க்கால். இரண்டு பக்கமும் படிப்படியாக வயல்: பேரீச்சை, வாழை, எலுமிச்சை. ஒரு பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துணி சுற்றிய கல்லை ஒரு மடையிலிருந்து எடுத்து அடுத்த மடையில் வைத்து அடைத்தார். அவர் முறை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் என் தாத்தா நீர்க்கட்டி, அதாவது வயல்களுக்குத் தண்ணீரை முறை வைத்துத் திருப்பிவிடுபவர். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது அவர் மண்வெட்டியில் இருந்தது. அறுப்பு முடிந்ததும் அவருக்குக் கூலியாகக் களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்கள்.

பெரியவர் கூப்பிட்டு உட்காரவைத்து, பேரீச்சம்பழமும் கஹ்வா என்ற அரபிக் காப்பியும் கொடுத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் கேட்டுக்கொண்டேன். ஒரு பங்கு தண்ணீருக்கு 'அதர்' என்று பெயர், ஏறக்குறைய அரைமணி நேரம். கடிகாரம் வருவதற்கு முன் பகலில் நிழல், இரவில் நட்சத்திரம் பார்த்துத்தான் கணக்கு. ஃபலஜ் நிர்வாகியை 'வக்கீல்' என்றே சொல்கிறார்கள். தண்ணீர் முதலில் குடிக்க, பிறகு பள்ளிவாசலுக்கும் குளிக்கவும், கடைசியில்தான் தோப்புக்கு. ஓமானில் இப்படி ஏறக்குறைய 3,000 ஃபலஜ்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

"உங்கள் ஊரில் இப்போது யார் தண்ணீர் கட்டுகிறார்கள்?" என்று கேட்டார். யாருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கண்மாய் வரத்துக்கால் மேல் வீடுகள் வந்துவிட்டன.

சம்பளம் கொடுக்கும் நாட்டைத் தூக்கிப் பேசுகிறேன் என்று சிலர் வருவீர்கள். இங்கும் இளைஞர்கள் மஸ்கட்டுக்குப் போய்விட்டார்கள், தோப்பு வேலையில் பாதி வங்கதேசத்துத் தம்பிகள்தான். அதையும் பார்த்தேன். ஆனாலும் வாய்க்கால் ஓடுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பதினோரு வருடமாக ஓமானில் இருக்கிறேன். லீவில் போனால் சொந்த அத்தையே "துபாயிலிருந்து எப்ப வந்தே?" என்கிறார். என் தங்கை கல்யாணப் பத்திரிகையிலும் என் பெயருக்குப் பக்கத்தில் துபாய் என்றே அச்சடித்தார்கள். நான் வாழும் ஊரின் பெயரைக்கூட எனக்காக யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பது வலிக்கிறது.

போவதென்றால் அக்டோபர் முதல் மார்ச் வரை போங்கள். முதல் நாள் அல் ஹம்ராவும் மிஸ்ஃபாத்தும், மறுநாள் ஜபல் ஷம்ஸ். மலைப்பாதைக்கு ஃபோர் வீல் வண்டி நல்லது. மிஸ்ஃபாத்தில் வண்டியை வெளியே விட்டு நடந்துதான் போக வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள். வாய்க்காலில் சிலர் குளிக்கும் இடங்கள் மறைவாக இருக்கும், அங்கே போனைத் தூக்காதீர்கள். மடையில் துணி சுற்றிய கல் இருந்தால் தயவுசெய்து தொட வேண்டாம். அது யாரோ ஒருவருடைய அரைமணி நேரம்.